சிஏ இன்டர்: என் அட்டெம்ப்ட் இரண்டா, மூன்றா?

சிஏ (பட்டயக் கணக்காளர்) படிப்பின் இடைநிலைத் தேர்வான இன்டர்மீடியட்டில் உள்ள இரண்டு குரூப் தாள்களையும் தனித்தனியாகப் பிரித்து எழுதித் தேறினேன். இப்போது ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டரிடம் பெறும் செய்முறைப் பயிற்சி) விண்ணப்பத்தில் "எத்தனை அட்டெம்ப்ட்?" என்ற ஒற்றைக் கட்டத்தில் முட்டி நிற்கிறேன். ஓர் எண்தான் போட முடியும்.

2024 மே: முதல் குரூப் மட்டும், தேர்ச்சி. செப்டம்பர்: இரண்டாம் குரூப், மூன்று தாள்களிலும் தேர்ச்சிக்கான 40-ஐத் தாண்டியும் மொத்தம் தேவையான 150 வராததால் தோல்வி. நான்கே மதிப்பெண், இன்னும் உறுத்துகிறது. 2025 ஜனவரி: அதே குரூப், தேர்ச்சி. புதிய பாடத்திட்டம், எந்தத் தாளிலும் விலக்கு (எழுதாமல் விட அனுமதி) இல்லை.

மதிப்பெண் பட்டியல்களைப் புரட்டிவிட்டேன். குரூப் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு, அதிகபட்சம் இரண்டு என்கிறார் ஒரு சீனியர். தேர்வெழுதிய பருவங்கள் மூன்றையும் எண்ண வேண்டும் என்கிறார் இன்னொருவர். விண்ணப்பிக்கும் நிறுவனத்துக்கு அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதிலில்லை.

இப்படிப் பிரித்து எழுதியவர்கள் அந்தக் கட்டத்தில் என்ன எண் போட்டீர்கள்?