புலிட்சர் நாவல் பரிசு: 2012 ஏன் காலி?

கேள்வி: அமெரிக்காவின் புலிட்சர் பரிசு பெற்ற நாவல்களை வருட வாரியாகப் படித்து வருகிறேன். 2012-ல் மாட்டிக்கொண்டேன். இறுதிச் சுற்றுக்கு வந்த மூன்று பெயர்கள் இருக்கின்றன, பரிசு மட்டும் இல்லை. அச்சுப்பிழையா?

பதில் 1: பிழை இல்லை. மூன்று நடுவர்கள் சுமார் 300 புத்தகங்களைப் படித்து மூன்றைப் பரிந்துரைத்தார்கள். முடிவெடுப்பது புலிட்சர் வாரியம். எதற்கும் பெரும்பான்மை கிடைக்காததால் பரிசே கிடையாது என்று விட்டுவிட்டார்கள். நடுவர்களின் கண்தான் பாவம்!

பதில் 2: புலிட்சரின் இசைப் பரிசில் இதைவிட மோசம். 1965-ல் ஜாஸ் இசைக்கலைஞர் டியூக் எலிங்டனுக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கச் சொன்னார்கள் நடுவர்கள். வாரியம் மறுத்தது. இரண்டு நடுவர்கள் விலகினார்கள். எலிங்டனுக்கு அது கிடைத்தது 1999-ல், இறந்து 25 ஆண்டுகள் கழித்து. 2018-ல் ராப் பாடகர் கெண்ட்ரிக் லாமருக்கே இசைப் பரிசு கொடுத்தார்கள்.

கேட்டவர்: அப்படியா! சரி, 2013-க்குத் தாவுகிறேன்.