தனி டிஸ்க்கில் நிறுவிய போஸ்ட்கிரெஸ் எக்ஸ்டென்ஷன்: பெயர் தெரிகிறது, லைப்ரரி கிடைக்கவில்லை

கேள்வி (திருவொற்றியூர்)

கன்டெய்னர் யார்டு ஒன்றின் சர்வரைப் பராமரித்து வருகிறேன். எண்ணூர் விரைவுச்சாலையில் டிரெய்லர்கள் நிற்கும் இடங்களைக் கணக்கிட நாங்களே சி மொழியில் எழுதிய எக்ஸ்டென்ஷனை (கூடுதல் வசதி தரும் துணை நிரலை), போஸ்ட்கிரெஸ் 18 என்னும் தரவுத்தள மென்பொருளில் சேர்க்க வேண்டும். சர்வரின் ரூட் பகுதியில் எதையும் எழுத முடியாது என்பதால், ‘மேக் இன்ஸ்டால்’ கட்டளையில் ப்ரீஃபிக்ஸாக (நிறுவும் இடமாக) /ஆப்ட்/யார்டு என்ற தனி டிஸ்க்கைக் கொடுத்து நிறுவி, எக்ஸ்டென்ஷன்_கன்ட்ரோல்_பாத் அமைப்பிலும் அந்த இடத்தைச் சேர்த்தேன். நிறுவத் தயாராக உள்ளவற்றைக் காட்டும் பிஜி_அவெய்லபிள்_எக்ஸ்டென்ஷன்ஸ் பட்டியலில் பெயர் வருகிறது. ஆனால், ‘கிரியேட் எக்ஸ்டென்ஷன்’ கொடுத்தால் லைப்ரரிக் கோப்பை அணுக முடியவில்லை என்று நின்றுவிடுகிறது. வேறு எதை அமைக்க வேண்டும்?

பதில் (பெரம்பூர்)

ஐயா, பதிப்பு 18-இல் வந்த எக்ஸ்டென்ஷன்_கன்ட்ரோல்_பாத் அமைப்பு, எக்ஸ்டென்ஷனின் விவரம் அடங்கிய கன்ட்ரோல் கோப்பையும் எஸ்க்யூஎல் ஸ்கிரிப்டுகளையும் தேடுவதற்கு மட்டுமே உரியது. ‘.எஸ்ஓ’ கோப்பை, அதாவது சி நிரலின் லைப்ரரியைத் தேடுவது டைனமிக்_லைப்ரரி_பாத் என்னும் பழைய அமைப்பு. அதன் இயல்பு மதிப்பு $லிப்டிர், அதாவது போஸ்ட்கிரெஸின் சொந்த லைப்ரரிக் கோப்புறை மட்டும்தான். ஆகவே அதில் ‘/ஆப்ட்/யார்டு/லிப்/போஸ்ட்கிரெஸ்கியூஎல்:$லிப்டிர்’ என்று எழுதுங்கள். இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு: கன்ட்ரோல் பாதையின் இறுதியில் ‘எக்ஸ்டென்ஷன்’ என்னும் துணைக் கோப்புறையைப் போஸ்ட்கிரெஸ் தானே சேர்த்துக்கொள்ளும், லைப்ரரிப் பாதையில் எதையும் சேர்க்காது என்பதால், கோப்பு இருக்கும் கோப்புறையையே முழுமையாகக் குறிப்பிட வேண்டும். கன்ட்ரோல் பாதையில் $சிஸ்டம் (போஸ்ட்கிரெஸின் சொந்த எக்ஸ்டென்ஷன் இடம்), லைப்ரரிப் பாதையில் $லிப்டிர் இரண்டையும் விட்டுவிடாதீர்கள். விட்டால் உடன்வரும் எக்ஸ்டென்ஷன்களும் காணாமல் போகும். ‘ஆல்டர் சிஸ்டம்’ மூலம் மாற்றி, ரீலோட் செய்தால் போதும்.

கேட்டவர்

நன்றி ஐயா. இப்போது எங்கள் கோப்பு கிடைக்கிறது. ஆனால் அது சார்ந்திருக்கும் ஜியோஸ் என்னும் வடிவியல் கணக்கீட்டு லைப்ரரியைத் திறக்க முடியவில்லை என்று பிழை வருகிறது. அதையும் அதே கோப்புறையில்தான் வைத்திருக்கிறேன். என் லாகினில், ஒரு கோப்புக்கு வேண்டிய லைப்ரரிகளைப் பட்டியலிடும் ‘எல்டிடி’ கட்டளையைக் கொடுத்தால் எல்லாம் சரியாகவே காட்டுகிறது.

பதில் (வியாசர்பாடி)

அது போஸ்ட்கிரெஸின் வேலை அன்று. டைனமிக்_லைப்ரரி_பாத், போஸ்ட்கிரெஸ் நேரடியாக ஏற்றும் கோப்புக்கு மட்டுமே பொருந்தும். அந்தக் கோப்பு கேட்கும் பிற லைப்ரரிகளை லினக்ஸின் லோடர் (நிரல்களை நினைவகத்தில் ஏற்றும் பகுதி) தன் வழியில் தேடுகிறது. உங்கள் லாகினில், லோடர் தேட வேண்டிய இடங்களைச் சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத் என்ற மாறியை வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். லினக்ஸில் சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்டி தொடங்கும் போஸ்ட்கிரெஸ் சர்வீஸுக்கு அது போய்ச் சேராது. எனவே போஸ்ட்கிரெஸ் பயனராக, அந்த மாறி இல்லாமல், ‘எல்டிடி’ கொடுத்துப் பாருங்கள்.

வழக்கமாக /இடிசி/எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி-யில் ஒரு கோப்பு சேர்த்து, லோடரின் பட்டியலைப் புதுப்பிக்கும் ‘எல்டிகான்ஃபிக்’ ஓட்டச் சொல்வேன். உங்கள் ரூட் பகுதி பூட்டியிருப்பதால் அது ஆகாது. ‘பேட்ச்எல்ஃப்’ கருவியால் உங்கள் ‘.எஸ்ஓ’ கோப்பின் ஆர்பாத்தை (துணை லைப்ரரிகளைத் தேட அந்தக் கோப்பிலேயே பதிந்துள்ள பாதையை) $ஒரிஜின் என்று மாற்றுங்கள்; தான் இருக்கும் கோப்புறையிலேயே துணை லைப்ரரிகளையும் தேடும். ஒற்றை மேற்கோளுக்குள் எழுதாவிட்டால் ஷெல் அந்தச் சொல்லை விழுங்கிவிடும். கோப்புறையை ரூட் உரிமையிலேயே வைத்து, போஸ்ட்கிரெஸ் பயனருக்குக் கோப்புறைக்குள் நுழையவும் படிக்கவும் மட்டும் அனுமதி கொடுங்கள். அங்கே எழுத முடிகிற எவரும் சர்வருக்குள் தம் நிரலை ஓட்டிவிடலாம்.

கேட்டவர்

ஆர்பாத்தை மாற்றியதும் எக்ஸ்டென்ஷன் ஏறிவிட்டது. இருவருக்கும் நன்றி.