டைகர் டாங்கிக்கு விளக்குப் பூட்டுவதா, வேண்டாமா?

கல்லடியான்

இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனி ஓட்டிய டைகர் 1 டாங்கியின் மாதிரி ஒன்றை 1/16 அளவில் கட்டி வருகிறேன். 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிரித்தானியப் படை கைப்பற்றிய 131 ஆம் இலக்க வண்டியை அப்படியே கொண்டுவருவதுதான் நோக்கம். அது இன்றும் இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் ஓடக்கூடிய நிலையில் இருக்கிறது. ஆகவே பார்த்துச் செய்வதற்குப் படங்களுக்குக் குறைவில்லை. பீரங்கி முன்னே நீண்டிருக்கையில் உண்மையான வண்டியின் நீளம் 8.45 மீற்றர். என் மேசையில் அது ஏறத்தாழ 53 சென்றிமீற்றர்.

உடல் வேலை முடிந்துவிட்டது. அடுத்தது ஒளி. முன்னால் இரண்டு விளக்குகள், சுழல் கோபுரத்துக்குள் ஒன்று, பின்னால் புகைக்குழாய்களில் காய்ந்த இரும்பின் செம்மை, சுடும்போது பீரங்கியின் குழல்வாயில் ஒரு மின்னல். இவ்வளவு பெரிய மாதிரியில் விளக்கு எரியாமல் விடுவது வேலையைப் பாதியில் விட்டு எழுந்துபோவதாகும் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கட்டும்.

சம்மாந்துறை நானா

மறுக்கிறேன் தம்பி. காரணம் இதோ. உங்கள் மாதிரியை அரை மீற்றர் தொலைவில் நின்று பார்ப்பது, உண்மையான டைகரை 8 மீற்றர் தொலைவில் நின்று பார்ப்பதற்குச் சமம். துனிசிய வெயிலில் 8 மீற்றரில் நிற்கும் டாங்கியில் கண்ணில் படுவது எது? விளக்கா? இல்லை. தகட்டின் முகம், பற்றவைத்த தையல், தூசி, எண்ணெய்க் கறை. நேரத்தை அங்கே செலவிடுங்கள்.

உங்கள் வண்டியின் முன் கவசம் 100 மில்லிமீற்றர், பக்கக் கவசம் 80. உங்கள் அளவில் அவை 6.25, 5 மில்லிமீற்றர். இவ்வளவு தடித்த உருக்குத் தகடு கண்ணாடிபோல வழவழப்பாக இருக்காது. உருட்டு ஆலையின் மேடுபள்ளமும், ஓரங்களில் தீயால் வெட்டிய கீறல்களும் இருக்கும். பெட்டியிலிருந்து வந்த பிளாஸ்டிக்கில் அவை போதுமான அளவில் இருப்பதில்லை. தடித்த பிரைமர் அடிப்பூச்சைத் தூரிகையால் குத்திக் குத்திப் பூசி, காய்ந்தபின் மெல்லத் தேய்த்தால் வந்துவிடும்.

இன்னொன்று. பெயின்ற் உரிந்த இடங்களை ஆளுக்காள் அள்ளித் தெளிக்கிறார்கள். நீங்கள் வைக்கும் 1 மில்லிமீற்றர் பொட்டு உண்மையில் 16 மில்லிமீற்றர் காயம். அத்தகைய காயம் முன்னூறு ஒரு டாங்கியில் இருந்தால் அது சந்தையில் பழைய இரும்பு விலைக்குப் போக வேண்டிய வண்டி. 131 தொழிற்சாலையை விட்டுப் போய் மூன்று மாதத்துக்குள் பிடிபட்ட வண்டி.

கல்லடியான்

நானா சொல்லும் தகட்டு வேலை எல்லாம் செய்தாயிற்று. அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் முன்விளக்கின் கண்ணாடிக்குப் பின்னால் வெறும் குழியை விடுவதும் பொய்தானே? வெயிலில் பார்ப்பதற்காக மட்டும் இதைச் செய்யவில்லை. மாலையில், அறை விளக்கைக் குறைத்து, பிள்ளைகளுக்குக் காட்டும்போது இந்த வண்டிக்கு உள்ளே ஐந்து பேர் இருந்தார்கள் என்பது விளங்க வேண்டும். மேல்மூடியைத் திறந்து வைத்து, உள்ளே ஒரு சிறு வெளிச்சம் விழுந்தால் போதும். உட்சுவரின் தந்த நிறம் தானாகவே ஒளியைப் பரப்பும்.

வாகரை இளையவன்

அண்ணா, விளக்கை விடாதீர்கள். குழல்வாய் மின்னலுக்குப் பழைய கமெரா ஒன்றின் பிளாஷைப் பிரித்தெடுத்துப் பூட்டலாம். வெளிச்சம் அள்ளும்.

களுவாஞ்சி அக்கா

தம்பி வாகரை, முதலில் உங்களுக்கு. கமெரா பிளாஷின் உள்ளே இருக்கும் மின்தேக்கியில் 300 வோல்ட் வரையில் ஏறியிருக்கும். கமெராவை நிறுத்திய பிறகும் அது இறங்காமல் நிற்கும். பழக்கமில்லாதவர் அதைத் திறக்கவே கூடாது. பாடசாலை ஆய்வுகூடத்தில் பிள்ளைகளுக்கு நான் கண்டிப்பாகச் சொல்வது இது. குழலுக்குள் ஒரு சிறு வெள்ளை எல்ஈடியை வைத்து, கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவாக எரியவிட்டால் போதும். டைகரின் குழல்வாய்த் தடுப்பில் இருபக்கமும் திறப்புகள் உண்டு. ஒளி முன்னால் மட்டுமல்ல, பக்கங்களிலும் பாய வேண்டும். நீண்ட நேரம் எரிந்தால் அது பீரங்கிச் சூடு அல்ல, கைவிளக்கு.

இனிக் கல்லடித் தம்பிக்கு. நான் விளக்குக்கு ஆதரவு. ஆனால் எல்லோரும் பூட்டுகிற விளக்குக்கு எதிர்ப்பு. கடையில் கேட்டால் நீலம் கலந்த வெள்ளை எல்ஈடியைத்தான் தருவார்கள். 1943 இல் அப்படி ஒரு நிறம் எந்த வாகனத்தின் முன்விளக்கிலும் இல்லை. இழை மின்குமிழின் மஞ்சள்தான் இருந்தது. ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவில் 3000 கெல்வினுக்குக் குறைந்த வெதுவெதுப்பான வெள்ளை என்று கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஒளிபுகும் செம்மஞ்சள் பெயின்றை எல்ஈடியின் முகத்தில் ஒரு பூச்சுப் பூசலாம்.

அடுத்தது வெளிச்சத்தின் அளவு. உங்கள் பற்றரி 7.2 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளை எல்ஈடி 3 வோல்ட் எடுக்கும்; மிச்சம் 4.2. மின்னோட்டத்தைக் குறைக்க வழக்கமாக 220 ஓம் தடையியைப் போடுவார்கள்; 19 மில்லிஅம்பியர் ஓடும், கண் கூசும். 4.7 கிலோஓம் போட்டுப் பாருங்கள். ஒரு மில்லிஅம்பியருக்கும் குறைவு. அறை விளக்கைக் குறைத்தபின் அதுவே தாராளம். ஒவ்வொரு எல்ஈடிக்கும் தனித் தடையி வேண்டும். இரண்டுக்கும் ஒன்றைப் பொதுவாகப் போட்டால் ஒரு கண் மங்கி மறு கண் விழிக்கும்.

பிளாஸ்டிக் ஒளியைக் கசியவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். விளக்கின் கோப்பையை உட்புறம் முதலில் கறுப்பு, அதன்மேல் வெள்ளி என்று பூசிய பிறகே எல்ஈடியை வையுங்கள். இல்லாவிட்டால் வண்டியின் முன்முகமே உள்ளிருந்து ஒளிரும். கம்பிக்கு மோட்டார் சுற்றும் கடையில் தலைமயிர் அளவுள்ள எனாமல் செப்புக் கம்பி கேட்டால் தருவார்கள். சுழல் கோபுரம் முழுச் சுற்று சுற்றுமானால் கம்பி முறுக்கி அறும். நடுவில், கம்பி முறுக்காமல் மின்சாரத்தைக் கடத்தும் சுழல் இணைப்பான் ஒன்றை வையுங்கள்.

புகைக்குழாய்ச் செம்மை மட்டும் கூடவே கூடாது. 131 இன் பின்புறத்தைப் பாருங்கள். இரண்டு புகைக்குழாய்களையும் சுற்றித் தகட்டு மறைப்பு இருக்கும். இரவில் குழாய் செந்தழலாகத் தெரிந்து எதிரிக்கு இடம் காட்டியதால்தான் அதைப் பூட்டினார்கள். மறைப்பையும் வைத்து, அதற்குள் சிவப்பு எல்ஈடியையும் எரியவிட்டால், அந்த மறைப்பு எதற்காக வந்தது என்பது தெரியாதவர் செய்த வேலையாகிவிடும்.

சம்மாந்துறை நானா

களுவாஞ்சிப் பிள்ளை புகைக்குழாய்க்குச் சொன்ன அதே நியாயத்தைத்தான் முன்விளக்குக்கும் நான் சொல்கிறேன். போர்முனையில் முழு முன்விளக்கை எரியவிட்டு எந்தச் சாரதி போவான்? ஜேர்மன் வாகனங்களில் முன்விளக்குக்கு உறை போட்டு, நடுவில் ஒரு கீற்று மட்டும் விடும் வழக்கம் இருந்தது. எரிய வேண்டுமானால் அந்தக் கீற்று எரியட்டும். இரண்டு வட்டங்களும் பளபளவென்று எரிந்தால் அது ஊர்வலத்துக்குப் போகும் வண்டி.

ஒரு விளக்கை மட்டும் நான் ஒப்புக்கொள்வேன். அது பின்னால் வரும் வண்டி இடைவெளியைக் கணிப்பதற்கு ஜேர்மன் வாகனங்களில் வைத்த சிறு பின்விளக்கு. அதில் நான்கு சிறு சாளரங்கள். மிக அருகில் வந்தால் நான்கு ஒளிப்புள்ளிகள் தெரியும், சரியான தூரத்தில் அவை இணைந்து இரண்டாகும், மிகவும் பின்தங்கினால் ஒன்றாகிவிடும். இருட்டில் தூரத்தைச் சொல்லும் அளவுகோல் அது. அதைச் செய்து காட்டுங்கள், வந்து பார்க்கிறேன்.

படுவான்கரை

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒன்று சொல்ல வேண்டும். மின்சாரம் வராத ஆண்டுகளில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே வளர்ந்தவன் நான். குப்பி விளக்கும் அரிக்கன் லாம்பும்தான் வீட்டில். உண்மையான இருட்டில் சிறு ஒளி எவ்வளவு தூரம் போகும் என்பதை அந்த நாட்களில் பார்த்தவர்களுக்குத் தெரியும். வயலுக்கு அப்பால் ஒருவர் சுருட்டுப் பற்றவைப்பது தெரியும். இராணுவ வாகனம் வந்தால் வெளிச்சம் வருமுன் சத்தம்தான் வரும். சில இரவுகளில் வெளிச்சமே வராது. சத்தம் மட்டும் கடந்துபோகும்.

இங்கே பலர் டாங்கியை விளக்கால் அலங்கரிப்பதைப் பார்க்கையில் எனக்கு ஒப்பவில்லை. விளக்கு வேண்டாம் என்பதல்ல. களுவாஞ்சி அக்கா சொன்ன ஒரு மில்லிஅம்பியரும் அதிகம் என்று நினைக்கிறேன். இருட்டில் ஓடிய வண்டியை இருட்டில் ஓடிய வண்டியாகவே வையுங்கள். உள்விளக்கு மூடியின் விளிம்பில் ஒரு மெல்லிய கோடாகத் தெரிந்தால் போதும். பிள்ளைகளுக்குக் காட்டுவதாகச் சொன்னீர்கள். அப்படியானால் இது இன்னும் முக்கியம்.

கல்லடியான்

படுவான்கரை அண்ணன் சொன்னதை மதிக்கிறேன். அந்தச் சத்தத்தை நானும் கேட்டு வளர்ந்தவன்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு விளக்கைக் குறைத்தால் பூட்டியும் பயன் இல்லை. மாதிரி என்பது பார்ப்பதற்குத்தானே? மேடை நாடகத்தில் இரவு என்றால் மேடையை முழுதாக இருட்டாக்குவதில்லை; நீலமாக ஒரு வெளிச்சம் விட்டு இரவை உணர்த்துகிறார்கள். அந்த அளவு சலுகையை எனக்கும் தாருங்கள்.

வாகரை இளையவன்

நிலத்துக்குக் கல்லடிக் கடற்கரை மணலையே போடலாமா? துனிசியாவும் மணல்தானே. கவசத்தின்மேல் பூசும் அந்தச் சிமெந்துபோன்ற கோடுபோட்ட பூச்சும் வேண்டுமா?

களுவாஞ்சி அக்கா

அந்தப் பூச்சு காந்தக் குண்டுக்கு எதிராக 1943 இன் பிற்பகுதியில் வந்தது. 131 பிடிபட்டது அதற்கு முன். ஆகவே இல்லை.

கடல்மணல் வேண்டவே வேண்டாம். உப்பு ஈரத்தை இழுக்கும். நம் ஊரில் மார்கழி மழைக்கு அந்த ஈரம் எனாமல் கம்பியின் பற்றாசு மூட்டுகளை அரித்துவிடும். ஒரு விளக்கு அணையும், காரணம் தெரியாமல் வண்டியையே பிரிக்க வேண்டிவரும். அதே மழைக்காலத்தில் லாக்கர் வார்னிஷ் அடித்தாலும் வெண்புகை படிந்ததுபோல் வெளுக்கும். ஈரம் குறைந்த நாளாகப் பார்த்து அடியுங்கள்.

சம்மாந்துறை நானா

உப்பை விடுங்கள், அளவைப் பாருங்கள். அரை மில்லிமீற்றர் மணல்மணி உங்கள் அளவில் 8 மில்லிமீற்றர் பரல். அது தூசி அல்ல, ஜல்லி. துனிசியத் தூசிக்கு மாவுபோன்ற நிறப்பொடிதான் சரி. அந்த வண்டிகளின் பின்புறத்தில் பெரிய காற்று வடிகட்டிகளைப் பூட்டியதே அந்தத் தூசிக்காகத்தான்.

தூசியும் சேறும் எங்கே தங்கும் என்று படம் பார்த்துக் கற்க வேண்டியதில்லை. பெரும்போகத்துக்குச் சேற்றுழவு நடக்கும்போது எங்கள் பக்கம் வாருங்கள். வயலிலிருந்து ஏறிவரும் உழவு இயந்திரத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். கீழே தடித்த ஈரச் சேறு, மேலே போகப் போகக் காய்ந்து வெளிறிய படலம், சாரதி கால் வைத்து ஏறும் இடத்தில் சேறு தேய்ந்து இரும்பு தெரியும். வாய்க்கால் வெட்டும் பெக்கோ இயந்திரத்தின் சங்கிலியையும் பாருங்கள். நிலத்தில் படும் முகம் தேய்ந்து மினுங்கும், பள்ளங்களில்தான் மண். முழுச் சங்கிலியையும் செந்துருவாகப் பூசுபவர்கள் ஓடுகிற சங்கிலியைக் கிட்ட நின்று பார்த்ததில்லை. டைகரின் சங்கிலி 725 மில்லிமீற்றர் அகலம், உங்களுக்கு 45. அவ்வளவு அகலத்தில் பிழை ஒளியாது.

கல்லடியான்

சரி, முடிவைச் சொல்கிறேன். புகைக்குழாய்ச் செம்மையை விட்டுவிட்டேன். அக்காவின் காரணம் மறுக்க முடியாதது. பின்விளக்கின் நான்கு சாளரங்களையும் அரை மில்லிமீற்றர் ஒளியிழையால் செய்கிறேன். உள்விளக்கு இருக்கும், 10 கிலோஓமில். முன்விளக்கு எரியும், உறை இல்லாமல். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சம்மாந்துறை நானா

அப்படியானால் குண்டு வடுவை என்ன செய்யப் போகிறீர்கள்? சர்ச்சில் டாங்கியின் 6 பவுண்டர் குண்டு 131 இன் குழலுக்கு அடியில் உரசி, கோபுரம் உடலோடு சேரும் இடத்தில் அடித்து, கோபுரத்தைச் சுழலவிடாமல் இறுக்கியது. ஆட்கள் வண்டியை விட்டு ஓடியதே அதனால்தான். அந்த வடுவைப் போட்டால் உங்கள் மாதிரி கைவிடப்பட்ட வண்டி. அதற்குள் விளக்கைப் போட யாரும் இல்லை. கோபுரம் சுழலவும் கூடாது, குழல்வாயில் மின்னலும் கூடாது. வடுவும் விளக்கும் ஒரே வண்டியில் இருக்க முடியாது தம்பி. ஒன்றைத் தெரிந்தெடுங்கள்.

படுவான்கரை

நானா கேட்டது சரியான கேள்வி. எந்த நாள், எந்த நேரம் என்று முதலில் சொல்லுங்கள்.

கல்லடியான்

வடு இல்லை. பிடிபடுவதற்கு முந்திய ஒரு நாள். போர்முனைக்குப் பின்னால், மாலை மங்கிய நேரம், சாலையில் போகும் வண்டி. மேல்மூடி திறந்திருக்கும், தளபதி தலையை வெளியே நீட்டியிருப்பார். குழல்வாய் மின்னலுக்கு அங்கே வேலை இல்லை. அந்தக் கம்பியை இன்றே கழற்றுகிறேன். சுழல் இணைப்பான் உள்விளக்குக்காக இருக்கும்.

சம்மாந்துறை நானா

சாலையில் போகும் வண்டி என்றால் சேறு வேண்டாம், தூசி மட்டும். அதுவும் முன்னால் குறைவு, சங்கிலி அள்ளி எறியும் பின்பக்கத்தில் அதிகம். முன்விளக்குக்கு உறை போடாததை நான் இன்னும் எதிர்க்கிறேன். குறைந்தது கண்ணாடியின்மேலாவது தூசியைப் படியவிடுங்கள்.

களுவாஞ்சி அக்கா

கண்ணாடியில் தூசி படியுமானால் 4.7 கிலோஓம் போதாது தம்பி, ஒளி அடங்கிவிடும். 2.2 போட்டு, தூசி பூசியபின் இருட்டறையில் வைத்துப் பார்த்து முடிவெடுங்கள். தடையியை அதுவரை ஒட்டிவிடாதீர்கள்.