ஈரோட்டுப் பக்கமே போகாத என் காருக்கு ஹெல்மெட் அபராதம்: என்ன செய்வது?

துடியலூர்வாசி:
நேற்று மாலை கைபேசிக்கு இ-செலான் வந்தது. ஹெல்மெட் அணியவில்லையாம், 1,000 ரூபாய், இடம் ஈரோடு. என்னிடம் இருப்பது கார்! டி.என். 38, கோவை வடக்குப் பதிவு. அன்று முழுவதும் அது வீட்டு வாசலில்தான் நின்றது. யாரோ என் எண்ணை ஒட்டிக்கொண்டு திரிகிறார்கள் என்று மனைவி பயப்படுகிறார். பணத்தைக் கட்டித் தொலைத்துவிடலாமா?

பழையவண்டிப் பிரியன்:
கட்டாதீர்கள். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். செலானோடு படம் இருக்கும், அதைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

துடியலூர்வாசி:
பார்த்தேன். பைக்கின் பின்பக்கம். மேல்வரியில் டி.என். 38, கீழ்வரியில் என் எழுத்தும் நான்கு இலக்கமும் அப்படியே இருக்கின்றன. போலி எண்தானே?

பழையவண்டிப் பிரியன்:
அவசரப்படாதீர்கள். ஈரோடு கிழக்கின் எண் 33. ஒவ்வொரு ஆர்.டி.ஓ. அலுவலகமும் தனி வரிசை ஓட்டுவதால், உங்கள் எழுத்தும் இலக்கமும் 33-இலும் இருக்கலாம், கோவை தெற்கின் 37-இலும் இருக்கலாம். அந்த 8-இன் இடப்பக்கத்தை உற்றுப் பாருங்கள்.

துடியலூர்வாசி:
ஐயா, கண்டுபிடித்துவிட்டீர்கள்! அங்கே ஒரு போல்ட் தலை. அதிலிருந்து துரு ஒழுகிக் கறையாகக் கீழே இறங்கியிருக்கிறது. மேல் வாயைப் போல்ட் அடைத்துவிட்டது, கீழ் வாயைத் துரு அடைத்துவிட்டது. மூன்று எட்டாகிவிட்டது.

மேட்டூர் மணி:
ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பக்கூடாது என்றுதான் வரிசை எழுத்துகளில் ஐ (I), ஓ (O) இரண்டையும் விட்டுவிட்டார்கள். இலக்கத்தில் அப்படி எதை விடுவது? பைக்கின் பின்பலகையில் எழுத்து 35 மில்லிமீட்டர், இலக்கம் 40 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்று விதி அளவெடுத்துச் சொல்கிறது. போல்ட்டை எங்கே முடுக்குவது என்பது கடைக்காரர் கையில்! 2019 ஏப்ரல் 1 முதல் வந்த புதிய வண்டிகளுக்கு, கழற்ற முடியாத பூட்டாணியோடு வரும் உயர் பாதுகாப்பு எண்பலகை கட்டாயம் என்பதால், இது அதற்கு முந்தைய பைக்காக இருக்கும்.

பழையவண்டிப் பிரியன்:
1989-க்கு முந்தைய வண்டிகளில் மூன்று எழுத்துதான், ஆர்.டி.ஓ. எண்ணே கிடையாது. என் அப்பாவின் ஸ்கூட்டர் இன்னும் அப்படித்தான் நிற்கிறது. அதற்கு இந்தச் சிக்கல் வராது, வேறு ஆயிரம் சிக்கல் வரும். அது கிடக்கட்டும். இ-செலான் தளத்திலேயே புகார்ப் பகுதி இருக்கிறது. ஆர்.சி. நகல், காரின் படம், போல்ட் தெரியும்படி பெரிதாக்கிய செலான் படம் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். வாகன வகையே வேறு என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

துடியலூர்வாசி:
அனுப்பிவிட்டேன், புகார் எண் வந்துவிட்டது. மனைவி டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் நம் காரில் போல்ட் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.