மறு: எஸ்எம்பிஎஸ் தமிழில் என்ன? வியாழனுக்குள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

பாலிடெக்னிக் மாணவர்களுக்குக் கணினி பொருத்தும் கையேடு எழுதுகிறேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. கிராபிக்ஸ் கார்டுக்கு வரைகலை அட்டை என்று போட்டுவிட்டேன். அதற்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில்தான் நிற்கிறேன். மின்வழங்கி என்று எழுதினால், "சர்வரா சார்?" என்று கேட்கிறான் ஒருவன். சர்வர் கணினிக்கு வழங்கி என்று சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

வாக்கியம் இது: "ஆர்டிஎக்ஸ் 4070 அட்டை 200 வாட் இழுக்கும். தாய்ப்பலகை (மதர்போர்டு) ஸ்லாட் தருவது 75 வாட்தான். மீதி ______யிலிருந்து தனி கேபிளில் வர வேண்டும். எட்டு முனை கேபிள் ஒன்று 150 வாட் தாங்கும்." கோடிட்ட இடத்தை நிரப்பித் தாருங்கள்.
— கோவை

ஐயா, மின்னூட்டி எனலாம். ஊட்டுதல் தாய் செய்யும் வேலை, தாய்ப்பலகையோடும் பொருந்தும்.
— மதுரை

> மின்னூட்டி எனலாம்

வேண்டாம் ஐயா. பள்ளி இயற்பியலில் மின்னூட்டம் வேறு பொருளில் நிலைத்துவிட்டது. மின்னூட்டி என்றால் பிள்ளைகளுக்கு போன் சார்ஜர்தான் நினைவுக்கு வரும். இன்னொன்று, யாரும் மின்னாற்றல் வழங்கி என்று எழுதிவிடாதீர்கள். வாட் என்பது திறன், ஆற்றல் அல்ல. இதைத் திருத்தித் திருத்தியே என் பணிக்காலம் போய்விட்டது.
— திருச்சி

எங்கள் பாடநூல்களில் திறனுக்கு வலு என்றுதான் படித்தோம். வலு வழங்கி என்றால் எங்கட பிள்ளைகளுக்கு உடனே விளங்கும்.
— யாழ்ப்பாணம்

வலு நல்ல சொல். ஆனால் வழங்கியிலேயே எனக்கு ஐயம் உண்டு. 11ஆம் குறளில் "வழங்கி வருதலால்" என்பதற்குப் பரிமேலழகர் கொண்ட பொருள் கொடுத்தல் அல்ல, நிலைபெற்று வருதல். கொடைச் சொல்தான் வேண்டுமென்றால் தொல்காப்பியரிடம் போவோம். ஈ, தா, கொடு மூன்றும் ஒன்றல்ல. தாழ்ந்தோன் கேட்டால் ஈ, ஒத்தோன் கேட்டால் தா, உயர்ந்தோன் கேட்டால் கொடு. அட்டை எந்த நிலையில் நின்று கேட்கிறது? பெட்டி நின்றால் அட்டை இருண்டுபோகும். ஆகவே ஈ. மின்னீவி.
— மதுரை

ஐயா, நான் ரிச்சி தெருவில் கணினி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். இலக்கணம் பேச எனக்குத் தகுதியில்லை. பையன்கள் கேபினெட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ்ஸை வைத்துக்கொண்டு அட்டை வாங்க வருகிறார்கள். ஸ்டிக்கரில் 450 வாட் என்று பெரிதாக இருக்கும். கீழே 12 வோல்ட் வரிசையில் 18 ஆம்பியர் என்று போட்டிருப்பான். பெருக்கினால் 216 வாட். அட்டையும் பிராசஸரும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். கேம் ஓடும்போது சிஸ்டம் அணைந்துபோனால் அட்டை மோசம் என்று சண்டைக்கு வருகிறார்கள். கையேட்டில் அந்த வரிசையைப் படிக்கச் சொல்லுங்கள். கடையில் வந்து மின்னீவி கேட்டால் எங்கள் தெருவில் ஒருவருக்கும் புரியாது.
— சென்னை

> ஒருவருக்கும் புரியாது

பேருந்து என்ற சொல்லும் ஒருநாள் புரியாமல்தான் இருந்தது. புரியாது என்பதற்காக விட்டுவிட்டால் எந்தச் சொல் பிழைக்கும்?
— மதுரை

இன்னொரு சொல்லும் தேவைப்படும். அட்டை நொடியின் சிறு துணுக்கில் தன் அளவைத் தாண்டி இழுக்கும். இந்தப் பெட்டிகளுக்கென 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிப்படி, 450 வாட்டுக்கு மேற்பட்ட, புதிய வகை அட்டை இணைப்பியுள்ள பெட்டி தன் திறனில் இருமடங்கை 100 மைக்ரோ நொடிக்குத் தாங்க வேண்டும். அதற்காகக் கூடுதலாக விட்டுவைக்கும் வாட்டுக்கு என்ன பெயர்? வளரும் பிள்ளையின் சட்டைக்குத் தையற்காரர் உள்ளே துணி பிடித்து வைப்பாரே, எங்கள் ஊரில் அதை உள்பிடி என்போம்.
— திருச்சி

உள்பிடி அருமை. எடுத்துக்கொள்கிறேன்.

பெட்டிக்கு இதுவரை மின்வழங்கிக்கு ஐந்து பேர், வலு வழங்கிக்கு இருவர், மின்னீவிக்கு ஒருவர். நாளை காலை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். முதல் இடத்தில் "எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கி", பிறகு மின்வழங்கி மட்டும். சர்வரைச் சேவையகம் என்று மாற்றிவிடுகிறேன்; அதற்காக நான்காம் பாடத்தில் முப்பது இடங்களைத் திருத்த வேண்டும், பரவாயில்லை. 12 வோல்ட் வரிசைக்குத் தனிப் படமே போடுகிறேன்.
— கோவை

போடுங்கள் ஐயா. என் மறுப்பு இழையில் இருக்கட்டும். அடுத்த பதிப்பு எப்போது?
— மதுரை