24 போக மீதி 76 யாருடையது?

கரும்பலகை:
நேற்று வேறொரு திரியில் செந்தூரான் என்ற தம்பி எழுதியதை அப்படியே தருகிறேன். "கொரோனாவில் பிள்ளைகள் மறந்த பாடத்தை மீட்டது இல்லம் தேடிக் கல்வி. மாதம் ஆயிரம் ரூபாய் வாங்கிய தன்னார்வலர் செய்ததை, எழுபதாயிரம் வாங்கும் வாத்தியார் செய்யவில்லை. ஆய்வே சொல்லிவிட்டது." பதில் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் திரியைப் பூட்டிவிட்டார்கள். அதனால் இங்கே. இல்லம் தேடிக் கல்வி தெரியாதவர்களுக்கு: கொரோனாவில் விட்டுப்போன பாடத்தை மாலையில் பிள்ளைகளின் ஊரிலேயே தன்னார்வலர்கள் சொல்லிக்கொடுக்க அரசு கொண்டுவந்த திட்டம்.

தம்பி சொல்லும் ஆய்வை நானும் படித்தேன். அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் செய்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகள். 2019-இல் சோதித்த அதே ஊர்களுக்கு 2021 டிசம்பரில் மறுபடி போனார்கள். 2019-இல் அதே வயதுப் பிள்ளைகள் இருந்த இடத்தைவிடக் கணக்கில் 0.73 திட்ட விலக்கம் கீழே, தமிழில் 0.34 கீழே. (திட்ட விலக்கம் என்பது மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பதை அளக்கும் அலகு.) பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் அந்தப் பள்ளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூர்ந்துவிட்டது. அந்த மீட்சியில் இல்லம் தேடிக் கல்வியின் பங்கு 24 சதவீதம். இருபத்து நான்கு! நூறில் 24 போனால் மீதி எவ்வளவு என்று மூன்றாம் வகுப்பிலேயே கேட்பேன். 76. அந்த 76 வானத்திலிருந்து விழுந்ததா?

செந்தூரான்:
ஐயா, வணக்கம். "மட்டுமே மீட்டது" என்று நான் எங்கே எழுதினேன்? மீட்டது என்றேன். அவ்வளவுதான். இன்னொன்று, மாலை வகுப்பு ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம். அதில் 24. நீங்கள் காலை ஒன்பதரையிலிருந்து நாலு மணி வரை வைத்திருக்கிறீர்கள். அதில் 76. மணிக்கணக்கில் வகுத்துப் பாருங்கள்.

கரும்பலகை:
மணிக்கணக்கில் வகுக்க இது என்ன நாத்து நடுகிற கூலியா? 37 வருடம் பாடம் நடத்தி 2022 மே மாதம் ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் சொல்லும் அந்த ஆறு மாதமும் நான் வகுப்பில் நின்றேன். 76.

கணக்குப்புலி:
இரண்டு பேரும் ஒரே இடத்தில் சறுக்குகிறீர்கள். 24 என்பது மீட்சியில் 24, இழப்பில் 24 இல்லை. இழந்தது 100 என்று வையுங்கள். மீண்டது 66 சொச்சம். அதில் 24 சதவீதம் என்றால் 16. மிச்சம் 33 அப்போது மீளவே இல்லை, அதைப் பற்றி இங்கே யாரும் மூச்சு விடவில்லை.

அப்புறம் அந்த 76. ஆய்வு அதை யார் பேரிலும் பட்டா போடவில்லை. பள்ளி திறந்தது, பிள்ளை மறுபடி பென்சிலைப் பிடித்தது, மறந்தது தானாக ஞாபகம் வந்தது, வீட்டில் அக்கா சொல்லிக்கொடுத்தது, டியூஷன், வாத்தியார், எல்லாம் அதற்குள் கிடக்கிறது. "மீட்சி" என்று எதைச் சொல்கிறோம் என்று முதலில் முடிவு செய்துவிட்டுப் பேசினால் நல்லது.

கரும்பலகை:
பார்த்தீர்களா! 24 கூட இல்லையாம், வெறும் 16-ஆம். புலியே சொல்லிவிட்டது. நன்றி.

கணக்குப்புலி:
அப்படிக் கழித்தால் உங்கள் 76-உம் 50 ஆகிவிடும் ஐயா.

கரும்பலகை:
ஆகட்டும். 50 பெரிதா, 16 பெரிதா?

வெண்டைக்காய்:
கணக்கு நன்றாக வரும் என்று என்னைச் சாப்பிடச் சொல்வார்கள். இந்தத் திரிக்கு ஒரு கூடை அனுப்பவா?

சொல்லாய்வு:
கணக்கு யாருடையதாகவும் இருக்கட்டும். "சதவீதம்" என்று எழுதாதீர்கள். விழுக்காடு என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியரே இப்படி எழுதினால் மாணவர் என்ன எழுதுவார்?

கரும்பலகை:
ஐயா, என் ஊரில் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய் வட்டி எத்தனை விழுக்காடு என்று கேட்டால் சாமி வந்துவிட்டது என்று விபூதி பூசிவிடுவார்கள். 24 சதவீதம் என்றாலும் 24, விழுக்காடு என்றாலும் 24.

சொல்லாய்வு:
பகடி விளக்கமாகாது.

மாலைநேர அக்கா:
நான் இல்லம் தேடிக் கல்வியின் இரண்டு லட்சம் தன்னார்வலர்களில் ஒருத்தி. எங்களை வைத்து நீங்கள் எல்லாரும் கழித்தல் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மாலை ஐந்தரைக்கு ஆரம்பித்து ஏழு மணி வரை இருபது பிள்ளைகள். நாலாம் வகுப்புக்கு வந்துவிட்ட பையனுக்கு 'கா'வுக்கும் 'க'வுக்கும் வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் ஒன்றாம் வகுப்பு பாதியிலேயே பள்ளியைப் பூட்டிவிட்டார்கள். பாட்டுப் பாடி, கூழாங்கல்லை எண்ணவைத்து, ஒரு மாதம் ஆனது அவனுக்கு. 24 ஆ 16 ஆ எனக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். பள்ளியிலேயே வகுப்பு நடத்தலாம் என்று சாவி கேட்டால், அங்கிருந்த தலைமையாசிரியர் கடைசிவரை தரவில்லை. பிள்ளையார் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து நடத்தினோம். மழை வந்தால் என் வீட்டுத் திண்ணை.

கரும்பலகை:
அம்மா, உங்கள் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சாவி விஷயம் தெரியாமல் பேசாதீர்கள். பல்பு போனாலும், கணினி காணாமல் போனாலும், பிள்ளை மேடையிலிருந்து விழுந்து கை உடைந்தாலும் தலைமையாசிரியர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் தராதது சரிதான். நானும் தந்திருக்க மாட்டேன்.

மாலைநேர அக்கா:
அதானே பார்த்தேன்.

கரும்பலகை:
"அதானே பார்த்தேன்" என்றால் என்ன அர்த்தம்?

செந்தூரான்:
அர்த்தம் எல்லாருக்கும் புரிந்தது ஐயா. மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்தீர்களா?

கரும்பலகை:
இந்த ஆய்வாளர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முரளிதரன் யார் தெரியுமா? சுந்தரராமன் என்பவரோடு சேர்ந்து ஆந்திராவில் ஒப்பந்த ஆசிரியர்களைப் பற்றி எழுதியவர். ஐந்தில் ஒரு பங்கு சம்பளம் வாங்கும் பயிற்சி குறைந்த ஒப்பந்த ஆசிரியர், நிரந்தர ஆசிரியருக்கு இளைத்தவர் இல்லை என்பதுதான் அதன் சாரம். இப்போது ஆயிரம் ரூபாய்த் தன்னார்வலர். அடுத்தது என்ன, இலவசமா? போகிற திசையைப் பாருங்கள். முதலில் 24 என்பார்கள். நாளைக்கு அதே 24-ஐக் காட்டிப் பணியிடத்தை நிரப்ப மாட்டார்கள்.

கணக்குப்புலி:
ஆந்திர ஆய்வை அரைகுறையாகச் சொல்கிறீர்கள். அது இருக்கிற வாத்தியாரைத் தூக்கிவிட்டு ஒப்பந்த ஆசிரியரைப் போட்ட ஆய்வு இல்லை. குலுக்கல் முறையில் எடுத்த 100 அரசுப் பள்ளிகளுக்கு ஒரு ஒப்பந்த ஆசிரியரைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வருடத்தில் கணக்கு மதிப்பெண் 0.16 திட்ட விலக்கம் ஏறியது. ஒப்பந்த ஆசிரியர்கள் விடுப்பு எடுப்பதும் குறைவாக இருந்தது. அந்தக் கடைசி வரிதான் உங்களுக்குச் சுடுகிறது என்று நினைக்கிறேன்.

உண்மையில் குறை சொல்ல வேண்டுமென்றால் உங்களுக்கு நல்ல ஆயுதம் ஒன்று இருக்கிறது, அதை எடுக்கத் தெரியவில்லை. ஆந்திராவில் குலுக்கல் இருந்தது, இல்லம் தேடிக் கல்வியில் இல்லை. விருப்பப்பட்ட பிள்ளை போனது. பிள்ளையின் முந்தைய மதிப்பெண்ணைக் கணக்கில் வைத்துக்கொண்டு, போன பிள்ளை போகாத பிள்ளையைவிட எவ்வளவு கூடுதலாக ஏறியது என்று பார்த்தார்கள். மூன்று நான்கு மாதத்தில் கணக்கில் 0.17, தமிழில் 0.09 திட்ட விலக்கம் கூடுதல். அக்கறையுள்ள அம்மாதானே பிள்ளையை அனுப்பியிருப்பார் என்று கேட்கலாம். ஆனால் அதிகம் போனது வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள். மூடிக்கிடந்த காலத்தில் அதிகம் இழந்ததும் அவர்கள்தான், திறந்த பிறகு வேகமாக ஏறியதும் அவர்கள்தான். எனக்கு இந்த ஆய்வில் பெரிய விஷயம் இதுதான். 24 இல்லை.

கரும்பலகை:
நீளமாக எழுதிவிட்டால் 76 மறைந்துவிடாது.

கணக்குப்புலி:
நான் எழுதியதைப் படித்தீர்களா?

கரும்பலகை:
படித்தேன். குலுக்கல் இல்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். அப்படியானால் 24-உம் சந்தேகம்தான்.

கணக்குப்புலி:
24 சந்தேகம் என்றால் 100-இல் அதைக் கழித்து வந்த 76 மட்டும் எப்படி வேதவாக்கு?

வெண்டைக்காய்:
இதை அச்சடித்துச் சட்டம் போட்டு மாட்டலாம்.

ஊர்க்குருவி:
காலை உணவுத் திட்டத்தை யாரும் சொல்லவில்லையே? பசியோடு வந்த பிள்ளை சாப்பிட்டால் படிக்காதா? அந்த 76-இல் பாதி அதுதான் என்பேன்.

கணக்குப்புலி:
காலை உணவு 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. இந்த ஆய்வின் கடைசிச் சோதனை அதற்கு நாலு மாதம் முன்பே முடிந்துவிட்டது. சின்ன வகுப்புகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லிக்கொடுக்கும் எண்ணும் எழுத்தும் திட்டமும் 2022 ஜூனில்தான் வந்தது. இரண்டுக்கும் இந்த எண்ணில் பங்கு இல்லை.

ஊர்க்குருவி:
பசியைப் பற்றி எதுவும் தெரியாதவர்கள்தான் தேதி பேசுவார்கள்.

கணக்குப்புலி:
என் பசி உங்களுக்கு எப்படித் தெரியும்?

நாஞ்சில்காரன்:
மீட்சி மீட்சி என்று எல்லாரும் குதிக்கிறீர்கள். கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகச் சோதிக்கும் ஏசர் ஆய்வின் 2022 அறிக்கையைப் பார்த்தீர்களா? தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடம் வாசிக்கத் தெரிந்தவர்கள் 4.8 சதவீதம். எதை மீட்டீர்கள்?

கணக்குப்புலி:
அதே அறிக்கையில் 2018-க்கு எதிரே 10.2 என்று இருக்கும். கொரோனாவுக்கு முன்பே பத்தில் ஒரு பிள்ளைதான் வாசித்தது. இந்த ஆய்வு மீண்டது என்று சொல்வது 2019-இல் இருந்த நிலையை நோக்கி. அந்த நிலையே உயரமானது என்று யாரும் சொல்லவில்லை.

கரும்பலகை:
2018-இல் ஏன் 10.2? அதைச் சொல்லட்டும் புலி. 2007-08-இல் செயல்வழிக் கற்றல் என்று எல்லாப் பள்ளியிலும் கொண்டுவந்து எங்களைப் பாயில் உட்கார வைத்தார்கள். படம் போட்ட அட்டை, ஏணிப்படி, பிள்ளை தானே அட்டையை எடுத்துக்கொள்ளுமாம். நாற்பது பிள்ளைகள் நாற்பது அட்டையோடு வந்து நின்றால் ஒரு வாத்தியார் யாரைப் பார்ப்பது? இதை அப்போது சொன்னதற்குத்தான் இந்தப் புலி என்னை "நாற்காலி வாத்தியார்" என்று எழுதினார். மூன்று வருடம் ஆகிறது. இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

கணக்குப்புலி:
உங்களைச் சொல்லவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்க மனமில்லாதவர்களைச் சொன்னேன். தொப்பி பொருந்தினால் நான் என்ன செய்ய?

கரும்பலகை:
ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது.

கணக்குப்புலி:
போடுங்கள்.

கரும்பலகை:
பழைய போனில் இருக்கிறது. பேரன் வந்ததும் எடுத்துத் தருவான்.

மாலைநேர அக்கா:
அட்டையைக் குறை சொல்கிறீர்களே ஐயா, என் பிள்ளைகள் அந்த மாதிரி அட்டையில்தான் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள். இருபது பேரை மூன்று கூட்டமாகப் பிரித்துவிடுவேன். வகுப்பைப் பார்க்க மாட்டேன், என்ன தெரியும் என்று மட்டும் பார்ப்பேன். எழுத்து தெரியாதவர்கள் ஒரு பக்கம், சொல் வாசிப்பவர்கள் ஒரு பக்கம், கதை வாசிப்பவர்கள் திண்ணை ஓரம். அஞ்சாம் வகுப்புப் பெண் ரெண்டாம் வகுப்புப் பையனோடு உட்காரும், முதலில் வெட்கப்படும், நாலு நாளில் சரியாகிவிடும். பள்ளியில் அப்படி உட்கார வைத்தால் அம்மாக்கள் சண்டைக்கு வருவார்கள், அது வாத்தியார் தப்பு இல்லை.

கணக்குப்புலி:
அக்கா சொல்வதற்கு மும்பையிலும் வடோதராவிலும் நடந்த பாலசகி ஆய்வே சாட்சி. பானர்ஜி, கோல், டுஃப்லோ, லிண்டன் 2007-இல் வெளியிட்டது. அங்கேயும் உள்ளூர்ப் பெண்கள்தான், பின்தங்கிய பிள்ளைகளைத் தனியாக அழைத்து அடிப்படையைச் சொல்லிக்கொடுத்தார்கள். மதிப்பெண் ஏறியது. அங்கே குலுக்கலும் இருந்தது.

கரும்பலகை:
மறுபடியும் வடநாடு. இங்கே 76 என்ன ஆனது?

செந்தூரான்:
ஐயா, அக்கா உங்களுக்காகவும் சேர்த்துத்தான் பேசினார். கடைசி வரியைப் படியுங்கள்.

கரும்பலகை:
படித்தேன். "வாத்தியார் தப்பு இல்லை." அதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன்! நீங்கள் நேற்று எழுதியது என்ன? வாத்தியார் செய்யவில்லை என்று. திரும்பப் பெறுகிறீர்களா இல்லையா?

செந்தூரான்:
நான் எழுதியதில் எதைத் திரும்பப் பெற? ஆயிரம் ரூபாய் பொய்யா? 24 பொய்யா?

மாலைநேர அக்கா:
ஆயிரம் ரூபாய் சம்பளம் இல்லை தம்பி, ஊக்கத்தொகை. சம்பளத்தோடு சேர்த்துப் பேசாதீர்கள். நீங்கள் எங்களைப் புகழ்கிற மாதிரி அவரைத் திட்டுகிறீர்கள். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

சொல்லாய்வு:
"ஸ்கிரீன்ஷாட்" என்பதற்குத் திரைப்பிடிப்பு என்று எழுதலாம்.

நெறியாளர்:
திரியின் தலைப்பு கல்வி மீட்சி ஆய்வு. நாற்காலி, பசி, திரைப்பிடிப்பு எல்லாவற்றுக்கும் தனித் திரி தொடங்குங்கள். தனிமனிதத் தாக்குதல் தொடர்ந்தால் பூட்டிவிடுவேன்.

கரும்பலகை:
பூட்டுங்கள். போன திரியையும் நான் பதில் எழுதும்போதுதான் பூட்டினீர்கள். சாவி யார் கையில் இருக்கிறதோ அவர்கள் சொல்வதுதான் நியாயம்.

மாலைநேர அக்கா:
சாவியைப் பற்றி நீங்களா பேசுகிறீர்கள்?

வெண்டைக்காய்:
🙏

கரும்பலகை:
அந்தத் தலைமையாசிரியர் வேறு, நான் வேறு என்று எத்தனை தடவை சொல்வது? சரி, மணி பத்தரை ஆகிவிட்டது, மாத்திரை போட வேண்டும். 76 பற்றி மீதியை நாளைக்கு எழுதுகிறேன். ஸ்கிரீன்ஷாட்டும் வரும்.

செந்தூரான்:
வரும்போது வகுத்துக்கொண்டு வாருங்கள் ஐயா. ஒன்றரை மணிக்கு 24, ஆறரை மணிக்கு 76.

கரும்பலகை:
மதிய இடைவேளையைக் கழித்தாயா?