அவசர உதவி: செயின்சா ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது

பாலிக்புலாவ்_தோட்டம் | காலை 7:42
வணக்கம். நேற்று ராத்திரிக் காற்றில் தோட்டத்துப் பாதையில் மரம் விழுந்துவிட்டது. லோரி உள்ளே வர வழியில்லை. டுரியான் வேறு விழ ஆரம்பித்துவிட்டது, இன்று எடுக்காவிட்டால் பழம் வீண். செயின்சா ஸ்டார்ட் ஆகிறது, கொஞ்ச நேரம் ஓடுகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது. பிளக் புதிதாகப் போட்டும் அதே கதை. என்ன செய்யலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

பழைய_ஆர்எக்ஸ்இசட் | காலை 7:50
என்ன மெஷின், எத்தனை சிசி? கொஞ்ச நேரம் என்றால் பத்து விநாடியா, பத்து நிமிடமா?

ஜாவி_காளை | காலை 7:53
நின்ற பிறகு உடனே ஸ்டார்ட் ஆகிறதா, ஆறவிட வேண்டுமா? பெட்ரோலில் எண்ணெய் எப்போது கலந்தது? இதைச் சொல்லாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது தம்பி.

கெலுகோர்_வாசி | காலை 7:55
மாநகர் மன்றத்தைக் கூப்பிட்டால் வந்து வெட்டிக் கொடுப்பார்களே?

ஜாவி_காளை | காலை 7:58
ரோட்டு ஓர மரத்துக்குத்தான் வருவார்கள். இது தனியார் தோட்டத்துப் பாதை.

பட்டர்வொர்த்_பட்டறை | காலை 8:04
இதே கேள்விக்கு இங்கே பல தடவை எழுதியிருக்கிறேன். தேடிப் பார்க்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு வேண்டியது பெட்ரோல், காற்று, நெருப்பு. நிற்கிற நேரத்தில் இந்த மூன்றில் எது வரவில்லை என்று பார்க்காமல் பிளக்கை மாற்றுவது, காய்ச்சல்காரனுக்குச் சட்டையை மாற்றிவிடுகிற மாதிரி. முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

பழைய_ஆர்எக்ஸ்இசட் | காலை 8:10
எனக்கு இது காயில் மாதிரிதான் தெரிகிறது. என் ஆர்எக்ஸ்இசட் மோட்டார்சைக்கிளில் இதே தொல்லை. காலையில் ஒரே உதையில் பிடிக்கும், பாலம் ஏறிப் பாதி தூரம் போனதும் செத்துவிடும். ஓரமாக நிறுத்திக் கால் மணி நேரம் காத்திருந்தால் மறுபடி உயிர் வரும். சூடானதும் காயிலுக்குள் கம்பி விட்டுப்போகிறது, அதனால் நெருப்பு வராது. பிளக், கார்புரேட்டர் எல்லாம் மாற்றிவிட்டுக் கடைசியில்தான் காயிலை மாற்றினேன்.

ஆயர்_ஈத்தாம்_கதிர் | காலை 8:15
கார்புரேட்டரில் 'எச்' திருகைக் கால் சுற்று வெளியே திருப்புங்கள். பெட்ரோல் அதிகமாகப் போகும், நிற்காது. நான் அப்படித்தான் சரிசெய்தேன்.

பட்டர்வொர்த்_பட்டறை | காலை 8:19
தயவுசெய்து யாரும் திருகைத் தொடச் சொல்லாதீர்கள். ஓடிக்கொண்டிருந்த மெஷின் திடீரென்று நின்றால் எங்கோ ஒன்று அடைத்திருக்கிறது, அல்லது கிழிந்திருக்கிறது. அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் திருகைத் திருப்பினால் இருந்த ஒரு பிழை இரண்டாகும். நாளைக்கு என் மேசைக்குத்தான் வரும்.

பாலிக்புலாவ்_தோட்டம் | காலை 8:31
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 52 சிசி, 20 அங்குல பார் (சங்கிலி ஓடும் நீளத் தகடு), இரண்டு வருடத்துக்கு முன் இணையத்தில் வாங்கியது. எட்டுப் பத்து நிமிடம் நன்றாக அறுக்கும். அப்புறம் மூச்சு வாங்குகிற மாதிரி சத்தம் ஒரு தடவை ஏறி இறங்கி நிற்கும். உடனே இழுத்தால் பிடிக்காது. கால் மணி நேரம் விட்டால் பிடிக்கும். பெட்ரோல் ரோன் 95, முந்தாநாள் கலந்தது. எண்ணெய் ஒரு மூடி ஊற்றினேன், மாமா படகுக்கு வாங்கி வைத்திருந்தது. மரம் பழைய ரப்பர் மரம்.

பழைய_ஆர்எக்ஸ்இசட் | காலை 8:33
ஆறினால் பிடிக்கிறது என்றால் காயில்தான்.

பட்டர்வொர்த்_பட்டறை | காலை 8:40
படகு எண்ணெயா? ஒரு மூடியா? எத்தனை லிட்டருக்கு ஒரு மூடி, எந்தப் புட்டியின் மூடி? பெட்ரோலுக்கு எண்ணெய் 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 25:1 என்றால் 40 மில்லி. இந்த ரக 52 சிசி மெஷின்களுக்குப் பெரும்பாலும் 25:1 என்றுதான் கையேட்டில் போட்டிருக்கும். அளவுக் குவளை சில ரிங்கிட்தான், பிஸ்டனில் கோடு விழுந்தால் மெஷினே போய்விடும்.

தெலுக்_கும்பார்_படகு | காலை 8:47
படகு எண்ணெயில் என்ன குறை? எங்கள் வீட்டில் பத்து வருடமாக அதே எண்ணெய்தான் புல் வெட்டும் மெஷினுக்கும். இன்னும் ஓடுகிறது.

பட்டர்வொர்த்_பட்டறை | காலை 8:56
படகு எஞ்சினைக் கடல் தண்ணீர் உள்ளே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது. அதற்கென்று செய்தது டிசி-டபிள்யூ3 எண்ணெய், சாம்பல் சேராத வகை. செயின்சாவைக் குளிர வைப்பது காற்று மட்டும்தான். சிலிண்டர் ரொம்பச் சூடாகும், அந்தச் சூட்டைத் தாங்கும் எண்ணெய் வேண்டும். புட்டியின் பின்னால் ஜாசோ எஃப்டி என்ற தரக் குறி இருக்கிறதா பாருங்கள். புல் மெஷின் பிழைத்தது உங்கள் அதிர்ஷ்டம்.

தெலுக்_கும்பார்_படகு | காலை 9:01
பத்து வருடம் அதிர்ஷ்டம் வராது ஐயா. அளவு சரியாக இருந்தால் போதும்.

ஆயர்_ஈத்தாம்_கதிர் | காலை 9:05
ரோன் 97 ஊற்றினால் சூடு குறையுமா?

பட்டர்வொர்த்_பட்டறை | காலை 9:07
குறையாது.

நிபோங்தெபால்_அக்கா | காலை 9:20
தம்பி, எண்ணெய்ச் சண்டை இருக்கட்டும், இதை முதலில் பாருங்கள். எங்கள் அப்பா எஸ்டேட்டில் மறுநடவுக்கு மரம் சாய்க்கும் கான்ட்ராக்டில் இருந்தவர். மெஷின் இப்படி நின்றால் அவர் எந்தச் சாமானையும் எடுக்க மாட்டார். முதலில் பெட்ரோல் மூடியைத்தான் திறப்பார்.

டேங்கில் பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். அதற்கென்று சின்னத் துளை ஒன்று உண்டு. சில மெஷினில் மூடியிலேயே இருக்கும், சிலவற்றில் டேங்க் மேலே சின்ன ரப்பர் வால்வாக இருக்கும். அது அடைத்துக்கொண்டால் டேங்க் உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும், கார்புரேட்டரால் பெட்ரோலை உறிஞ்ச முடியாது. நிற்பதற்கு முன் சத்தம் ஏறுகிறது என்றீர்களே, பெட்ரோல் வற்றினால் அப்படித்தான் ஏறும். கால் மணி நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்விடும், மறுபடி பிடிக்கும். பார்க்கிறவர்களுக்கு ஆறினதால் பிடித்த மாதிரி இருக்கும்.

அடுத்த தடவை நின்றதும் காத்திருக்காதீர்கள். மெஷினைத் தரையில் வைத்து, மூடியை மிக மெதுவாகத் தளர்த்துங்கள். சூடான எஞ்சின், சில சமயம் பெட்ரோல் மேலே பீய்ச்சும், முகத்தைத் தள்ளி வையுங்கள். பக்கத்தில் சிகரெட் கூடாது. 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கிறதா? மூடியை இறுக்கிவிட்டு உடனே கயிற்றை இழுங்கள். பிடித்தால் துளைதான். பிடிக்காவிட்டால் சூடாக இருக்கும்போதே பிளக்கைக் கழற்றி நெருப்பு வருகிறதா பாருங்கள். வராவிட்டால் ஆர்எக்ஸ்இசட் அண்ணன் சொன்ன காயில். தளர்ந்த மூடியோடு மட்டும் ஓட்டாதீர்கள்.

பட்டர்வொர்த்_பட்டறை | காலை 9:26
இது சரியான சோதனை. பெட்ரோல் பில்டரையும் சேர்த்துப் பார்க்கவும், டேங்குக்குள் குழாய் நுனியில் இருக்கும். சைலன்சர் வாயில் கம்பி வலை இருந்தால் கரி அடைத்திருக்கும். அறுக்கும்போது செதில் வருகிறதா, மாவு வருகிறதா?

ஜாவி_காளை | காலை 9:34
தம்பி, மரம் எப்படிக் கிடக்கிறது? இரண்டு பக்கமும் மேட்டில் தாங்கி நடுவில் தொங்கினால், மேலிருந்து அறுக்கிற வெட்டு மூடிக்கொண்டு பாரைக் கவ்வும். மேலே மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் கீழிருந்து. பாரின் மூக்கு எதிலும் படக்கூடாது, திருப்பி முகத்துக்கு அடிக்கும்.

தெலுக்_கும்பார்_படகு | காலை 10:15
தம்பி என்ன ஆனார்? அவர் மாமாவுக்குப் போன் போட்டுப் பாருங்கள் யாராவது.

ஆயர்_ஈத்தாம்_கதிர் | காலை 10:40
என் மெஷினும் சூடானால் நிற்கிறது. திருகைத் திருப்பியது தப்பா இப்போது?

பட்டர்வொர்த்_பட்டறை | காலை 10:44
தனியாகக் கேளுங்கள். மாடலைச் சொல்லிக் கேளுங்கள்.

பாலிக்புலாவ்_தோட்டம் | மதியம் 1:12
அக்கா, 'உஸ்' என்று இழுத்தது. மூடியை இறுக்கிவிட்டு இழுத்தேன், இரண்டாவது இழுப்பில் மெஷின் பிடித்துக்கொண்டது. டேங்க் மேலே பட்டாணி அளவு ரப்பர் வால்வு, அதன் வாயில் மரத்தூளும் ரப்பர் பாலும் எண்ணெயும் சேர்ந்து புளியங்கொட்டைப் பசை மாதிரி. ஊசியால் எடுத்துப் பெட்ரோலில் கழுவினேன். அப்புறம் முழு டேங்க் நிற்காமல் ஓடியது. மாவுதான் வந்தது ஐயா, மழுங்கிய சங்கிலியை 4.8 மில்லிமீட்டர் அரத்தால் தீட்டியதும் செதிலாக வருகிறது. லோரி உள்ளே வந்துவிட்டது. பழம் பொறுக்கப் போகிறேன். எல்லோருக்கும் நன்றி.

பட்டர்வொர்த்_பட்டறை | மதியம் 1:20
எண்ணெய் மாற்றினீர்களா?

நிபோங்தெபால்_அக்கா | மதியம் 1:31
சந்தோஷம் தம்பி. ஊசி குத்தியதில் அந்த வால்வின் உதடு கிழிந்திருக்கலாம். டேங்கை நிரப்பி மெஷினைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, கீழே காய்ந்த அட்டை போட்டுப் பாருங்கள். அட்டை நனைந்தால் வால்வை மாற்றாமல் எடுக்காதீர்கள், சைலன்சர் பக்கத்தில்தான் ஒழுகும்.